யானைக்கு எந்த நாமம்?

2003-ல் கும்பகோணத்தில் செல்போன் வைத்திருந்தவர்கள் இரண்டு கட்சி. சிம் போட்ட செட் வைத்திருந்தவர்கள் ஒரு கட்சி, சிம்மே இல்லாத செட் வைத்திருந்தவர்கள் இன்னொரு கட்சி. முதலாவது ஜி.எஸ்.எம்., இரண்டாவது சி.டி.எம்.ஏ. இந்தப் பெயர்களெல்லாம் எங்கள் எஸ்.டி.டி. பூத்துக்கு வந்துபோன யாருக்கும் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. ஆனால் டெல்லியில் இந்த இரண்டுக்காகப் பெரிய பெரிய வக்கீல்கள் வருஷக்கணக்கில் தொண்டை வறள வாதாடிக்கொண்டிருந்தார்கள். காஞ்சிபுரத்துக் கோயில் யானைக்கு வடகலை நாமம் போடுவதா, தென்கலை நாமம் போடுவதா என்ற வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போனதாகச் சொல்வார்களே, அந்த மாதிரிதான். ஒரே வித்தியாசம், இந்த வழக்கில் வாதியும் பிரதிவாதியும் பாதி வழியில் நாமத்தை மாற்றிப் போட்டுக்கொண்டார்கள்.

பூத் சித்தப்பாவுடையது. உச்சிப்பிள்ளையார் கோயில் பக்கத்தில் ஒரு பாத்திரக் கடையின் திண்ணையைத் தடுத்துக் கட்டியது. மஞ்சள் போர்டு, கண்ணாடிக் கூண்டு, சிவப்பு எண்கள் ஓடும் மீட்டர், பில் அடிக்கும் குட்டி மெஷின். வேலை தேடுகிறேன் என்ற பெயரில் நான் அங்கே உட்கார்ந்து சில்லறை கொடுத்துக்கொண்டிருந்தேன். நாட்டின் தொலைத்தொடர்புக் கொள்கையைப் படிக்க அதைவிட நல்ல இடம் கிடையாது என்று இப்போது தோன்றுகிறது. கொள்கை மாறினால் மறுநாளே எங்கள் கல்லாவில் தெரிந்துவிடும்.

முதல் நாமம் ஐரோப்பாவுடையது. 1995 ஜூலை 31 அன்று கல்கத்தாவிலிருந்து முதல்வர் ஜோதி பாசு டெல்லியில் இருந்த மத்தியத் தொலைத்தொடர்பு மந்திரி சுக்ராமைக் கூப்பிட்டுப் பேசினார். அதுதான் நாட்டின் முதல் செல்போன் அழைப்பு. கூப்பிட்டவர் கம்யூனிஸ்ட், எடுத்தவர் காங்கிரஸ், செட் பின்லாந்து நோக்கியா, லைன் கொடுத்த மோடி டெல்ஸ்ட்ராவில் ஆஸ்திரேலியப் பணம். உலக வர்த்தகத்தை இவ்வளவு சிக்கனமாக ஒரே அழைப்பில் யாரும் காட்டியதில்லை. டெண்டரிலேயே ஜி.எஸ்.எம்.தான் என்று எழுதிவிட்டார்கள். அன்றைய நிலையில் அதைக் குறை சொல்ல முடியாது. ஐரோப்பாவில் பல நாடுகளில் ஓடிப் பழகிய சரக்கு அது. அமெரிக்காவில் சான் டியேகோவின் குவால்காம் கொண்டுவந்த சி.டி.எம்.ஏ. அப்போது சோதனைக்கூடத்தை விட்டு வெளியே வந்துகொண்டுதான் இருந்தது.

நிமிடத்துக்கு 16 ரூபாய் வரை கட்டணம். கூப்பிட்டவனுக்கும் செலவு, எடுத்தவனுக்கும் செலவு. அடுத்த ஆண்டு சுக்ராம் வீடுகளில் சி.பி.ஐ. சோதனை போட்டு 3 கோடி ரூபாய்க்கு மேல் ரொக்கமாக எடுத்தது, பின்னால் கோர்ட் தண்டனையும் கொடுத்தது. இன்கமிங் நாட்டில் அப்போதே ஒருவருக்காவது இலவசமாக இருந்திருக்கிறது.

எங்கள் ஊருக்கு செல் வந்து சேர்ந்தபோது நூற்றாண்டு முடியும் தறுவாய். பாத்திரக் கடை முதலாளி வெள்ளைச் சட்டைப்பையில் அது வெளியே தெரிகிற மாதிரி வைத்திருப்பார். மணி அடித்தால் எடுக்க மாட்டார். எடுத்து நம்பரை மட்டும் பார்ப்பார். திண்ணையை விட்டு இறங்கி எங்கள் கூண்டுக்குள் வந்து, அதே நம்பருக்கு எங்கள் போனில் பேசுவார். இன்கமிங்குக்குக் காசு போகுமே! செல்போன் வந்தால் பூத் படுத்துவிடும் என்று பயந்திருந்த சித்தப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. ஊரில் செல் கூடக் கூட எங்களுக்கு வியாபாரம் கூடியது. அந்த இரண்டு மூன்று வருஷம்தான் பூத்தின் பொற்காலம்.

சி.டி.எம்.ஏ. வாசல் வழியாக வரவில்லை, கொல்லைப்புறமாக வந்தது. கொல்லைக் கதவுக்கு டபிள்யூ.எல்.எல். என்று பெயர். கிராமம் கிராமமாகச் செம்புக் கம்பி இழுத்துக் கட்டுப்படியாகாது, கடைசித் தூரத்தை மட்டும் காற்றில் விட்டால் செலவு குறையும் என்பது வாதம். நல்ல வாதம். அதற்கு மெய்யாகவே உழைத்தவர்கள் சென்னையில் இருந்தார்கள். மெட்ராஸ் ஐ.ஐ.டி.யில் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழுவும் மைதாஸ் கம்யூனிகேஷன்ஸும் சேர்ந்து கார்டெக்ட் என்று ஒன்றை உருவாக்கினார்கள். கூரையில் ஒரு ஆன்டெனா, சுவரில் ஒரு பெட்டி. கண்ணுக்கு எட்டுகிற நேர்கோட்டில் பத்துக் கிலோமீட்டருக்குள் கோபுரம் இருந்தால் போதும், பேசிக்கொண்டே இன்டர்நெட்டும் பார்க்கலாம். சுதேசிச் சரக்கு என்று பெருமையாகச் சொன்னோம். அடிப்படை ஐரோப்பியத் தரம், சிப்புக்குக் கூட்டு ஒரு அமெரிக்கக் கம்பெனி, ஆனாலும் மூளை நம்முடையது. மதுரைக்குப் பக்கத்தில் மேலூர் வட்டாரக் கிராமங்களில் இதை வைத்து இன்டர்நெட் கடைகள் நடத்தினார்கள். கிராமத்து ஆயாவின் கண்ணைப் படம் பிடித்து அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அனுப்பி டாக்டரிடம் யோசனை கேட்டார்கள். கதை விடவில்லை, நடந்தது. அந்தப் பெட்டியிடம் இருந்த ஒரே குறை, அதைச் சட்டைப்பையில் போட முடியாது.

சட்டைப்பையில் போடக்கூடியது சி.டி.எம்.ஏ.யிடம் இருந்தது. 2001 ஜனவரியில் மத்திய அரசு ஒரு உத்தரவு போட்டது. லேண்ட்லைன் லைசென்ஸ் வாங்கிய கம்பெனிகள் கம்பியில்லாமல் இணைப்புக் கொடுக்கலாம், வாடிக்கையாளர் அந்தப் போனை எடுத்துக்கொண்டு ‘கொஞ்ச தூரம்’ நடமாடலாம். எவ்வளவு கொஞ்சம்? உள்ளூர்க் கட்டண எல்லைக்குள். அதாவது ஒரு எஸ்.டி.டி. கோடு எதுவரை செல்லுமோ அதுவரை. கிராமத்துக்கென்று திறந்த கதவு வழியாக நகரத்துக்குள் செல்போன் வந்துவிட்டது. செல்போன் என்று மட்டும் சொல்லக் கூடாது.

டெல்லியில் இருந்துகொண்டு பார்த்தால் இந்த எல்லை பெரிதாகத் தோன்றியிருக்கும். காவிரிக் கரையில் கதை வேறு. கும்பகோணம் 0435. பாபநாசம் 04374. தஞ்சாவூர் 04362. நாற்பது கிலோமீட்டர் பஸ் பயணத்தில் மூன்று கோடு. எங்கள் பூத்துக்கு வரும் வெற்றிலை மண்டிக்காரர் ஒருவர் ஆசையாக ஒரு டபிள்யூ.எல்.எல். செட் வாங்கினார். கொடிக்கால்காரர்களைப் பார்க்க ராஜகிரி, அய்யம்பேட்டை என்று தினமும் பஸ்ஸில் போய்வருகிறவர். ஒரு வாரத்தில் செட்டைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார்.

“தம்பி, சுந்தரப்பெருமாள் கோயில் தாண்டினா இது செத்துடுது. திரும்பி வந்தா தானா உயிர் வந்துடுது. பேட்டரி கோளாறா?”

சித்தப்பா செட்டைத் தொடக்கூட இல்லை. “பேட்டரி இல்லீங்க, தாலுகா.”

மண்டிக்காரர் அன்று கேட்ட கேள்விக்கு இன்றைக்கும் பதில் கிடையாது. “காத்துல போறதுக்கு எதுக்குங்க தாலுகா எல்லை?” நியாயம்தானே. அலைக்கு எல்லை தெரியாது, கோபுரத்துக்கும் தெரியாது. ஊர்விட்டு ஊர் போனாலும் பேச்சு அறுபடாமல் இருப்பதற்காகத்தான் பொறியாளர்கள் அந்தத் தொழில்நுட்பத்தையே உருவாக்கினார்கள். அதே ஜாதிப் பொறியாளர்களை உட்காரவைத்து, பாபநாசம் எல்லையில் பேச்சு அறுபடும்படி மென்பொருள் எழுதச் சொன்னது சட்டம்.

சட்டத்தின் மறுபக்கத்தில் நின்றவர்களும் சும்மா இல்லை. ஜி.எஸ்.எம். கம்பெனிகள் கோடிக்கணக்கில் லைசென்ஸ் கட்டணம் கட்டியவை. குறைந்த கட்டணத்தில் வந்தவன் எங்கள் தொழிலைச் செய்யலாமா என்று தொலைத்தொடர்புத் தீர்ப்பாயத்துக்குப் போனார்கள். அங்கே தோற்று உச்ச நீதிமன்றம் போனார்கள். 2002 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் வழக்கை மறுபடி தீர்ப்பாயத்துக்கே அனுப்பியது. மனுவுக்கு மனு ஒரே கோரிக்கை: ஆடுகளம் எல்லாருக்கும் சமமாக இருக்க வேண்டும். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேறு வாய்களிலிருந்து கேட்கப்போகிறோம்.

வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே 2002 டிசம்பர் 28, திருபாய் அம்பானியின் பிறந்தநாள் அன்று, ரிலையன்ஸ் தன் சி.டி.எம்.ஏ. சேவையை அறிவித்தது. தபால் கார்டு விலையைவிடக் குறைவாகப் பேசலாம் என்றார்கள். 2003 மழைக்காலத்தில் 501 ரூபாய் கட்டினால் செட் கையில் என்றார்கள். எங்கள் பெரிய தெருவில் அந்த வாரம் நின்ற வரிசையை நான் பார்த்தேன். பூக்காரி, ஆட்டோக்காரர், சமையல் கான்ட்ராக்டர், நாதஸ்வர வித்வான். அதுவரை செல்லை அடுத்தவர் சட்டைப்பையில் மட்டும் பார்த்தவர்கள். சட்டம் ஜி.எஸ்.எம். பக்கம் இருந்ததோ என்னவோ, சனம் சி.டி.எம்.ஏ. பக்கம் சாய்ந்தது. சேவை அறிவிப்பிலேயே பயந்துபோன ஜி.எஸ்.எம். கம்பெனிகள் அதற்கு முன்பே இன்கமிங்கை இலவசமாக்கியிருந்தன, கட்டணத்தையும் தரைக்கு இறக்கின. பாத்திரக் கடை முதலாளி அதன் பிறகு எங்கள் கூண்டுக்குள் வரவே இல்லை. கொல்லை வழியாக வந்தவர்களை நான் முழு மனதாகத் திட்ட முடியாமல் போனதற்கு அந்த வரிசைதான் காரணம்.

தாலுகா எல்லை? ஒரே செட்டைப் பல எல்லைகளில் பதிவு செய்து, ஒரு நம்பருக்கு வருவதை இன்னொரு நம்பருக்குத் திருப்பிவிடும் வித்தை வந்தது. சட்டப்படி போன் நகரவில்லை, அழைப்புதான் நகர்ந்தது! 2003 ஆகஸ்டில் தீர்ப்பாயம் டபிள்யூ.எல்.எல். செல்லும் என்றது. நவம்பரில் அரசு ஒருங்கிணைந்த லைசென்ஸ் என்று ஒன்றைக் கொண்டுவந்து மொத்தத்தையும் வரன்முறைப்படுத்தியது. ரிலையன்ஸ் அபராதமும் சேர்த்து 1,500 கோடிக்கு மேல் கட்டியது. வழக்குகள் வாபஸாயின. லைசென்ஸுக்கு விலையாக 2001 ஏலத்தில் நான்காவது செல் கம்பெனி கொடுத்த தொகையை எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பழைய விலைக்கு, நாடு முழுவதற்கும் 1,658 கோடி என்று, 2008 ஜனவரியில் ஒரே நாளில் 122 லைசென்ஸ் கொடுத்ததும், அடுத்து நடந்ததும் தமிழ்நாட்டில் டீக்கடைக்கு டீக்கடை மனப்பாடம். கணக்குத் தணிக்கை சொன்ன 1.76 லட்சம் கோடி நஷ்டம், உச்ச நீதிமன்றத்தின் ரத்து, 2017-ல் எல்லாரும் விடுதலை. நான் புதிதாகச் சொல்ல எதுவும் இல்லை.

2004 மார்ச்சில் மகாமகம். லட்சக்கணக்கான சனம். குளத்துக்கரையில் காணாமல்போன மாமியாரைத் தேடிக்கொண்டு ஜி.எஸ்.எம். மருமகனும் சி.டி.எம்.ஏ. மச்சானும் எங்கள் பூத் வாசலில் நின்று செட்டைத் தலைக்குமேல் தூக்கித் தூக்கிப் பார்த்தார்கள். இருவருக்கும் லைன் கிடைக்கவில்லை. கடைசியில் மாமியாரை ஒலிபெருக்கி கண்டுபிடித்துக் கொடுத்தது.

இதற்குள் சண்டை கடல் தாண்டியிருந்தது. ஒவ்வொரு சி.டி.எம்.ஏ. செட்டுக்கும் குவால்காமுக்கு ராயல்டி போக வேண்டும். சீனாவுக்கு ஒரு விகிதம், நமக்கு ஒரு விகிதமா என்று இந்தியக் கம்பெனிகள் முறுக்கிக்கொண்டன. இரண்டு தரத்தையும் சமமாக நடத்துங்கள், அலைவரிசையில் ஓரவஞ்சனை வேண்டாம் என்று அமெரிக்கா கேட்டுக்கொண்டே இருந்தது. மறுபக்கம் ஐரோப்பா கையில் ஸ்ரீபெரும்புதூர் இருந்தது. 2006-ல் நோக்கியா அங்கே தொழிற்சாலையைத் தொடங்கி ஜி.எஸ்.எம். செட்டுகளாகச் செய்து தள்ளியது. ஆயிரக்கணக்கான வேலை, பெரும்பாலும் பெண் பிள்ளைகள். அதற்குப் பிறகு எந்தத் தரம் மேல் என்று வாதம் செய்ய யாருக்கு மனசு வரும்?

சீனாக்காரர்கள் இந்த ஆட்டத்தை வேறு விதமாக ஆடினார்கள். உலக வர்த்தக அமைப்பில் சேர அமெரிக்காவின் தயவு வேண்டியிருந்த காலத்தில் சி.டி.எம்.ஏ.யை ஒரு கம்பெனிக்குக் கொடுத்தார்கள். அப்புறம் டி.டி.எஸ்.சி.டி.எம்.ஏ. என்று தங்களுக்கே சொந்தமாக ஒரு நாமத்தைக் குழைத்து, 2009-ல் நாட்டின் மிகப் பெரிய செல் கம்பெனியின் நெற்றியில் போட்டுவிட்டார்கள். சுமாராகத்தான் ஓடியது. ஆனால் ராயல்டி பேரம் பேசும்போது மேஜையில் எடுத்துவைக்க ஒரு பொருள் ஆயிற்று. நம்மிடம் எடுத்துவைக்கக் கார்டெக்ட் இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

2007 அக்டோபரில்தான் நாமம் மாறியது. ஒரே லைசென்ஸில் இரண்டு தொழில்நுட்பமும் நடத்தலாம் என்று அரசு அறிவித்தது. அடுத்த தலைமுறையே சி.டி.எம்.ஏ.தான் என்று விளம்பரம் செய்த ரிலையன்ஸ் ஜி.எஸ்.எம். அலைவரிசைக்குப் பணம் கட்டியது. எங்கள் தரமே உலகத் தரம், எல்லாரும் இதற்கு வரலாமே என்று சொல்லிவந்த ஜி.எஸ்.எம். சங்கம், வராதே என்று கேட்டு வழக்குப் போட்டது. டாடாவும் 2009-ல் ஜி.எஸ்.எம்.முக்கு வந்து, நொடிக்கு ஒரு பைசா என்று ஆரம்பித்தார்கள். சிம் இல்லாத செட்டுகளை எடைக்கு வாங்கக்கூட ஆள் இல்லை. வேறு கம்பெனிக்கு மாற்றவும் முடியாது, நம்பர் செட்டோடு பிறந்தது. மண்டிக்காரர் தன்னுடையதைப் பேரனுக்கு விளையாடக் கொடுத்துவிட்டார்.

சி.டி.எம்.ஏ. ஓடிய அலைவரிசை மட்டும் சாகவில்லை. தாலுகா தாண்டக் கூடாது என்று கட்டிப்போட்டிருந்த அதே 800 பேண்டில் 2016-ல் நாடு முழுக்க 4ஜி ஓடியது. சுவருக்குள்ளே நன்றாக நுழையும், தூரம் போகும், தங்கம் என்றார்கள். அது என்றைக்கும் அப்படித்தான் இருந்தது.

ஸ்ரீபெரும்புதூருக்கு வருவோம். மென்பொருளுக்காகப் பின்லாந்துத் தாய்க் கம்பெனிக்குக் கட்டிய பணத்துக்கு வரி எங்கே என்று வருமான வரித்துறை கேட்டது. மாநில அரசும் தன் பங்குக்கு விற்பனை வரி கேட்டது. உலகம் முழுக்க நோக்கியாவின் செல்போன் பிரிவை மைக்ரோசாப்ட் வாங்கியபோது இந்தத் தொழிற்சாலை மட்டும் வழக்கில் மாட்டி வெளியே நின்றது. 2014 நவம்பர் 1 அன்று மூடினார்கள். கும்பகோணம் பக்கத்திலிருந்து அங்கே வேலைக்குப் போயிருந்த ஒரு பெண் திரும்பி வந்து, எங்கள் கடைக்கு எதிரிலேயே ஜவுளிக் கடையில் சேர்ந்தாள். எங்களிடம் கஸ்டமர் கொண்டுவரும் பழைய நோக்கியாவை வாங்கி, பின்மூடியைக் கழற்றி, “அண்ணே, இது எங்க லைன்ல போனதாக்கூட இருக்கும்” என்று சொல்லிவிட்டுத் திருப்பிக் கொடுப்பாள்.

வர்த்தக அரசியல் அதற்குள் தலைகீழாகியிருந்தது. செல்போனுக்குச் சுங்கவரி பூஜ்யம் என்று 1997-ல் உலக ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர்கள் நாம். 2017-ல் 10 சதவீதம் போட்டோம், அதே டிசம்பரில் 15, மறு பிப்ரவரியில் 20. ஐரோப்பாவும் ஜப்பானும் தைவானும் உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போட்டு 2023-ல் ஜெயித்தார்கள். நாம் மேல்முறையீடு செய்தோம். மேல்முறையீட்டு மன்றத்தில் நீதிபதிகளே கிடையாது, அமெரிக்கா நியமிக்க விடாமல் நிறுத்திப் பல வருஷமாகிறது. ஆளில்லாத கோர்ட்டில் அப்பீல் போடுவதன் சுகம் வழக்காடிப் பழகிய தஞ்சாவூர்க்காரனுக்குத்தான் புரியும். வரியைத் தாண்டி உள்ளே வர ஒரே வழி இங்கேயே செய்வது. பழைய நோக்கியா தொழிற்சாலையை, ஐபோனுக்குச் சார்ஜர் செய்யும் சால்காம்ப் வாங்கியது. ஃபாக்ஸ்கான் பக்கத்திலேயே ஐபோன் செய்கிறது. 2025 மே மாதம் டிரம்ப், இந்தியாவில் கட்டாதே என்று ஆப்பிள் தலைவரிடம் சொன்னதாகத் தானே சொன்னார். ஆகஸ்டில் இந்தியச் சரக்குக்கு 50 சதவீதம் வரி போட்டார். திருப்பூர் பனியன் அதில் சிக்கியது, ஸ்ரீபெரும்புதூர் ஐபோன் சிக்கவில்லை. சுதந்திர வர்த்தகத்தின் அரிச்சுவடியை நமக்குச் சொல்லிக்கொடுத்த தேசம் அது.

சொந்தத் தரத்துக்கான ஆசை நம்மையும் விடவில்லை. 5ஜி வந்தபோது மெட்ராஸ் ஐ.ஐ.டி.யிலும் ஹைதராபாத் ஐ.ஐ.டி.யிலும் இருந்தவர்கள் 5ஜிஐ என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். கோபுரங்கள் தூரந்தூரமாக இருக்கும் இந்தியக் கிராமத்துக்கென்று யோசித்தது. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமே 2020-ல் ஏற்றுக்கொண்டது. உடனே செல் கம்பெனிகள் கையைப் பிசைந்தன: நாட்டுக்கு ஒரு தரம் என்றால் செட் விலை ஏறும், உலகத்தோடு ஒட்ட வேண்டாமா? கடைசியில் அதை உலகத் தரத்துக்குள்ளேயே கரைத்துவிட்டார்கள். கார்டெக்ட்டைவிட இதற்கு நல்ல சாவு என்றுதான் சொல்ல வேண்டும்.

இப்போது சண்டை வானத்தில். செயற்கைக்கோளிலிருந்து நேராக வீட்டுக்கு இன்டர்நெட். 2024-ல் இதற்கு அலைவரிசையை ஏலமில்லாமல் ஒதுக்கப்போவதாக அரசு சொன்னதும் அம்பானி வீட்டு ஜியோவிடமிருந்து ஒழுங்குமுறை ஆணையத்துக்குக் கடிதம் போனது. நாங்கள் ஏலத்தில் கோடிகோடியாகக் கொட்டியிருக்கிறோம், ஆடுகளம் சமமாக இருக்க வேண்டாமா? பழைய ஜி.எஸ்.எம். கட்சியான ஏர்டெல்லின் சுனில் மிட்டலும் அதே சுருதி. 2001-ல் கொல்லைக் கதவை நினைத்துக் கொதித்தவர் இதைச் சொன்னால் புரிகிறது. அந்தக் கதவு வழியாக வந்த வீட்டுக்காரரும் சேர்ந்து சொன்னபோது எனக்கு மண்டிக்காரர் இருந்திருக்கக் கூடாதா என்று இருந்தது. ஸ்டார்லிங்க் வைத்திருக்கும் எலான் மஸ்க்குக்கும் இவர்களுக்கும் பொதுவெளியில் கொஞ்ச நாள் வாக்குவாதம். 2025 மார்ச்சில் ஒருநாள் ஏர்டெல் ஸ்டார்லிங்கோடு ஒப்பந்தம் போட்டதாகச் செய்தி. மறுநாள் ஜியோ.

பூத் இருந்த இடத்தில் இப்போது சித்தப்பா செல் கவரும் டெம்பர்டு கிளாஸும் விற்கிறார், ரீசார்ஜ் போடுகிறார். அந்த இரண்டு நாள் பேப்பரையும் அவரிடம் வாசித்துக் காட்டினேன். மஸ்க், அலைவரிசை, ஏலம், வானத்தில் ஆயிரக்கணக்கான கோள், மாடியில் ஒரு தட்டு. பொறுமையாகக் கேட்டார்.

“அந்தத் தட்டுக்கு மாசா மாசம் ரீசார்ஜ் பண்ணணுமாடா?”

“ஆமா சித்தப்பா, மாசக் கட்டணம் இருக்கும்.”

“நம்ம கடையில போட விடுவானா? கமிஷன் எவ்வளவுன்னு கேட்டுச் சொல்லு.”